கடன், நிக்ஷேபம், கைம்மாறு: பொருட்கடன் சொற்களும் ப்ரபந்நனுடைய ருணநிவ்ருத்தியும்

‘கடன்’ என்னும் தமிழ்ச்சொல் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பிறரிடம் வாங்கித் திருப்பவேண்டிய பொருள் ஒன்று. செய்தே தீரவேண்டிய செயல் மற்றொன்று. வடமொழியில் ருணசப்தத்தின் நிலையும் இதுவே. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் சாஸ்த்ரவாக்யங்களுக்குப் பொருள் கொண்டால் விபரீதம் விளையும். அதற்கு ஸ்ரீபாகவதத்தின் ஒரு ச்லோகமே போதிய உதாஹரணம்.

பதினோராம் ஸ்கந்தம் ஐந்தாம் அத்யாயத்தில், நவயோகிகளில் ஒருவரான கரபாஜநர் நிமிசக்ரவர்த்திக்குக் கலியுகத்தின் ஏற்றத்தைச் சொல்லிவருகிறார். தாம்ரபர்ணி, க்ருதமாலை, பயஸ்விநி, காவேரி முதலான நதிகள் பாயும் த்ராவிடதேசத்தில் நாராயணனையே பரமாகக் கொண்டவர்கள் மிகுதியாகத் தோன்றுவர் என்று கூறி, அதற்கு அடுத்த 41ஆம் ச்லோகத்தில், முகுந்தனை எல்லாவகையாலும் சரணமாகப் பற்றினவன் தேவர், ருஷிகள், பூதங்கள், ஆப்தர், மனிதர், பித்ருக்கள் ஆகிய எவர்க்கும் கிங்கரனுமல்லன், கடனாளியுமல்லன் என்று அறுதியிடுகிறார்.

இந்த ச்லோகத்தைப் பற்றி இரண்டு தவறான கருத்துகள் உலவுகின்றன. சரணாகதி செய்தவனுக்கு எந்தக் கடனும் இல்லையாதலால் கைநீட்டி வாங்கிய பணத்தையும் திருப்பவேண்டுவதில்லை என்று விளையாட்டாகவும், சிலசமயம் வினையாகவும் சொல்வாருளர். அவ்வாறு கொள்வது தர்மத்துக்கு முரணாகையால் இது வெறும் அர்த்தவாதம், துதியளவேயன்றி இதற்கு உள்ளுறை இல்லை என்று மறுகோடிக்குச் செல்வாரும் உளர். இரண்டுமே சொற்பொருளை ஆராயாமையால் விளைந்தவை. பொருட்கடனைச் சுட்டும் சொற்களை முதலில் தமிழிலும் பின்பு வடமொழியிலும் வரிசையாக நோக்கினால் ச்லோகத்தின் பொருள் தானே தெளியும்.

தமிழ்ச்சொற்கள்

கடன், கடமை, கடப்பாடு, கடவன், கடவேன் என்பன ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சங்கநூல்களில் ‘கடன்’ என்பது பெரும்பாலும் செயலின் மேலது. புறநானூற்று 312ஆம் பாட்டில் பொன்முடியார், தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளவீரன் என்னும் ஐவர்க்கும் உரிய செயல்களைப் பகுத்து ஒவ்வொன்றையும் ‘கடன்’ என்றே முடிக்கிறார். அங்கு எவரும் எவரிடமும் எதையும் வாங்கவில்லை; தத்தம் நிலையால் வந்து சேர்ந்த பொறுப்பே கடனாகிறது. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற்குறள் மேகத்தின் கொடையை ‘கடப்பாடு’ என்று சொல்லி, அது ‘கைம்மாறு’ வேண்டாதது என்றும் விலக்குகிறது. அங்குக் கடப்பாடும் கைம்மாறும் எதிரெதிராக நிற்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

கல்வெட்டுகளின் மொழியில் ‘கடமை’ என்பது அரசுக்கு இறுக்கும் வரி. சபையாரும் ஊராரும் ஒரு தர்மத்தை ஏற்றுக்கொள்ளும்போது ‘செய்யக் கடவோம்’ என்று எழுதிக்கொடுத்தனர். இதே ‘கடவன்’, ‘கடவது’ என்னும் முடிபுகள் நம் வ்யாக்யாநங்களின் மணிப்ரவாளத்தில் விதியைச் சொல்லும் வாய்பாடாகவே ஆகிவிட்டன. அறியக் கடவன், நினைத்திருக்கக் கடவன் என்னுமிடங்களில் பொருட்கடன் வாடையே இல்லை.

பொருட்கடனுக்கு உரிய சொற்கள் வேறு. கொடுத்த தொகை ‘முதல்’. அதன்மேல் வளர்வது ‘பொலிசை’. பொலிதலாவது பெருகுதல். களத்தில் குவிந்த நெற்குவியலையும் பொலி என்பர். முதல் அழியாமல் நிற்க, அதன் பெருக்கத்தைக்கொண்டு நடத்தும் தர்மம் ‘பொலியூட்டு’ எனப்பட்டது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிற்பொருளைச் சபைகளிடம் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாகப் பெற்றதைக் காட்டுகின்றன; நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பது இக்காலக் கணக்கு. நந்தாவிளக்குக்கு 90 ஆடுகளோ 96 ஆடுகளோ விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் பெற்ற வழக்கில் அவ்வாடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு சாகாததன்று, செத்ததற்கு ஈடாகக் கன்றியதைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காப்பது ஏற்றவன் பொறுப்பு. முதல் என்பதன் இலக்கணம் இத்தொடரில் தெளிவாக அமைந்திருக்கிறது.

இன்று வழங்கும் ‘வட்டி’யும் வளர்ச்சியைக் காட்டும் சொல்லேயாகலாம், வடமொழி ‘வ்ருத்தி’ ப்ராக்ருதத்தில் டகரம் பெற்று ஒலிப்பது நோக்கத்தக்கது. நிலத்தைக் கொடுத்துப் பெறுவது ‘ஒற்றி’. செலுத்தாமல் நிற்பது ‘நிலுவை’. ஓலையும் வட்டியும் இல்லாமல் முகத்தை நம்பிக் கொடுப்பது ‘கைமாற்று’. செய்த உதவிக்கு எதிராகச் செய்வது ‘கைம்மாறு’. ஒரு வேரினவான இவ்விரு சொற்களுக்குள் உள்ள வேற்றுமை பெரிது. கைமாற்றில் வாங்கிய அளவு தெரியும். கைம்மாற்றிலோ உதவிக்கு அளவே கிடையாது.

வடமொழிச் சொற்கள்

அமரகோசத்தின் வைச்யவர்க்கம் ருணம், பர்யுதஞ்சநம், உத்தாரம் என்னும் மூன்றையும் ஒருபொருட்சொற்களாகத் தருகிறது. கடன் கொடுத்தவன் ‘உத்தமர்ணன்’, வாங்கினவன் ‘அதமர்ணன்’. கடனில் மேலிடம் கொடுத்தவனுடையது, கீழிடம் வாங்கினவனுடையது என்பது இச்சொற்களின் அமைப்பிலேயே தெரிகிறது. வட்டித்தொழில் ‘குஸீதம்’, வட்டியால் பிழைப்பவன் ‘வார்துஷிகன்’.

பாணிநியின் ஸூத்ரங்களில் இரண்டு இடங்கள் இங்கு மிகவும் உபகரிக்கின்றன. மூன்றாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தின் 170ஆம் ஸூத்ரத்தில், கட்டாயம் செய்யவேண்டியது என்ற பொருளுக்கும் கடன்பட்டிருத்தல் என்ற பொருளுக்கும் ஒரே ப்ரத்யயத்தை விதிக்கிறார். அடுத்த ஸூத்ரத்தில் செய்யத்தக்கது, கொடுக்கத்தக்கது முதலான சொற்களை ஆக்கும் க்ருத்யப்ரத்யயங்களையும் அவ்விரு பொருள்களுக்கே உரியனவாக்குகிறார். தமிழில் கடனும் கடமையும் ஒருவேரினவாவதுபோல, வடமொழியில் ஆவச்யகமும் ஆதமர்ண்யமும் ஒரே ஸூத்ரத்தில் சேர்ந்து நிற்கின்றன. ஆயினும் பாணிநி இரண்டையும் தனித்தனியே பெயரிட்டே சேர்த்தார். ப்ரத்யயம் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பது அவர் திருவுள்ளம்.

மற்றோரிடம் முதலத்யாயம் நான்காம் பாதத்தின் 35ஆம் ஸூத்ரம். கடன்படுதலைச் சொல்லும் தாதுவின் யோகத்தில் உத்தமர்ணன் ஸம்ப்ரதாநமாகி நான்காம் வேற்றுமை பெறுகிறான். தமிழிலும் ‘அவனுக்குக் கடன்பட்டேன்’ என்று நான்காம் வேற்றுமையே வரும். திருமந்த்ரத்தில் நாராயணபதத்தின்மேல் ஏறிய சதுர்த்தியும், அகாரத்தில் மறைந்து நிற்கும் லுப்தசதுர்த்தியும், ஆத்மா அவனுக்கே ஆனது என்னும் தாதர்த்யத்தைச் சொல்லுகின்றன என்பது ரஹஸ்யக்ரந்தங்களில் ப்ரஸித்தம். யாருக்குக் கடன்பட்டான் என்பதும் யாருக்காக இருக்கிறான் என்பதும் ஒரே வேற்றுமையில் வந்து நின்றாலும், முன்னது திருப்பிக் கொடுத்தவுடன் அறும். பின்னது ஸ்வரூபமாகையால் ஒருநாளும் அறாது.

மூன்று ருணங்கள்

தைத்திரீய ஸம்ஹிதை ஆறாம் காண்டத்தில், பிறக்கும் ப்ராஹ்மணன் மூன்று ருணங்களோடு பிறக்கிறான் என்று ச்ருதி. ருஷிகளுக்கு ப்ரஹ்மசர்யத்தாலும், தேவர்களுக்கு யஜ்ஞத்தாலும், பித்ருக்களுக்கு ப்ரஜையாலும் அவற்றைத் தீர்க்கவேண்டும். மநு ஆறாம் அத்யாயத்தில், மூன்று ருணங்களையும் தீர்த்த பின்பே மோக்ஷத்தில் மனத்தைச் செலுத்துக என்றும், தீர்க்காமல் மோக்ஷத்தை நாடுபவன் கீழே விழுவான் என்றும் கூறினார்.

இதைக்கொண்டு ந்யாயஸூத்ரம் நான்காம் அத்யாயத்தில் ஒரு பூர்வபக்ஷம் எழுகிறது. ருணம் ஆயுள் முழுவதும் தொடர்வதால் அதைத் தீர்ப்பதிலேயே ஆயுள் கழியும். எனவே மோக்ஷத்துக்கு இடமே இல்லை என்பது அது. இதற்கு பாஷ்யகாரரான வாத்ஸ்யாயநர் கூறும் ஸமாதாநம் சொல்லாராய்ச்சியே. திரும்பப் பெறுவதாக எண்ணி ஒருவன் கொடுக்க, திருப்பித் தருவதாக எண்ணி மற்றொருவன் பெறுமிடத்திலேயே ருணசப்தம் முக்யம். ப்ரஹ்மசர்யம் முதலானவற்றில் அத்தகைய கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆகையால் அங்கு அச்சொல் கௌணம், அதாவது குணவொப்புமையால் வந்த வழக்கு. வாங்கிய கடனைத் திருப்பாதவன் நிந்திக்கப்படுகிறான்; திருப்பினவன் கொண்டாடப்படுகிறான். அதுபோலக் கர்மத்தை விட்டவன் நிந்தைக்கும் செய்தவன் துதிக்கும் உரியவனாவதால் ருணம் என்றது. ‘பிறக்கும்’ என்ற சொல்லையும் அவர் க்ருஹஸ்தாச்ரமத்தில் புகுபவன் என்றே கொள்கிறார். பிறந்த குழந்தைக்கு யஜ்ஞத்தில் சக்தியில்லையன்றோ?

வாத்ஸ்யாயநர் வகுத்த இவ்வெல்லை மிகவும் உபயோகமுடையது. திரும்பப் பெறும் எண்ணத்தோடு கொடுத்ததும், திருப்பும் எண்ணத்தோடு வாங்கியதும் இருந்தால் முக்யருணம், இல்லையேல் கௌணருணம்.

ச்லோகத்தின் பொருள்

இவ்வெல்லையைக் கரபாஜநருடைய ச்லோகத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தேவர், ருஷிகள், பூதங்கள், மனிதர், பித்ருக்கள் என்னும் ஐவகையாரும் யார்? க்ருஹஸ்தன் நாள்தோறும் செய்யவேண்டிய பஞ்சமஹாயஜ்ஞங்களின் உத்தேச்யர்களே அவர்கள். தேவயஜ்ஞம், ப்ரஹ்மயஜ்ஞம், பூதயஜ்ஞம், மநுஷ்யயஜ்ஞம், பித்ருயஜ்ஞம் என்னும் ஐந்தும் அங்கே எண்ணப்பட்டிருக்கின்றன. பேணத்தக்க சுற்றத்தார் ஆப்தர் என்று உடன்சேர்ந்தனர். ஆகவே ‘மனிதர்’ என்ற சொல், அன்னமிட்டு உபசரிக்கத்தக்க அதிதிகளைச் சொல்லுமேயன்றிப் பணம் கொடுத்த உத்தமர்ணனைச் சொல்லாது. ச்லோகம் விலக்குவது கௌணருணத்தை. முக்யருணம் அதன் எல்லைக்குள் வரவேயில்லை.

ஆதலால் வாங்கிய பொருளைத் திருப்பவேண்டும் என்னும் தர்மம் ப்ரபந்நனுக்கும் அப்படியே நிற்கும். அவ்விஷயத்தில் ஸ்ம்ருதிகள் மிகக் கடுமையானவை. தந்தை பட்ட கடனை மகன் வட்டியோடும், பேரன் வட்டியில்லாமல் முதலை மட்டும் தீர்க்கவேண்டும். கொள்ளுப்பேரனுக்கு அப்பொறுப்பில்லை என்பது ப்ருஹஸ்பதி முதலானோர் கொள்கை. கள், சூது, காமம் இவற்றுக்காகத் தந்தை பட்ட கடன் மகனைச் சாராது என்று மநுவும் யாஜ்ஞவல்க்யரும் விலக்கு வைத்தனர். சரணாகதியை அவ்விலக்குகளில் ஒன்றாக எவரும் சொல்லவில்லை. பிறர் பொருளைத் தன்னதாக வைத்திருப்பது களவோடு ஒக்கும். ஆத்மாபஹாரமென்னும் பெருங்களவை விட்டவன் சிறுகளவைக் கைக்கொள்வது பொருந்துமோ?

இங்கு ஒரு சங்கை எழலாம். கௌணருணம் நீங்கிற்றென்றால் ஸந்த்யாவந்தநம், தர்ப்பணம் முதலான நித்யகர்மங்களைப் ப்ரபந்நன் விடலாமோ? விடலாகாது என்பதை ச்லோகத்தின் மற்றொரு சொல்லே காட்டும். கடனாளியல்லன் என்றதோடு ‘கிங்கரனுமல்லன்’ என்றும் சொல்லிற்று. இவ்விரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. பொருளில்லாத அதமர்ணன் உழைத்துக் கடனைத் தீர்க்கலாம் என்பது மநுவின் விதி. அதாவது கடனாளி நாளடைவில் கிங்கரனாவான். தேவர் முதலியோர்க்கு ருணமில்லையாகவே அவர்களுக்குக் கிங்கரத்வமும் இல்லை. அப்படியானால் யாருக்குக் கிங்கரன்? சரணம் புகப்பட்ட முகுந்தன் ஒருவனுக்கே. கிங்கரனுடைய தொழிலே கைங்கர்யம். முன்பு பலருக்குத் தீர்க்கும் கடனாகச் செய்த அதே கர்மத்தை, இப்போது ஒருவனுடைய ஆஜ்ஞையை நிறைவேற்றும் கைங்கர்யமாகச் செய்கிறான். கர்மம் மாறவில்லை, அதன் வேற்றுமையுருபு சேரும் பெயர் மாறிற்று.

நாரதஸ்ம்ருதி 15 வகைத் தாஸர்களை எண்ணுமிடத்தில், பெருங்கடனிலிருந்து ஒருவனால் விடுவிக்கப்பட்டு அவனுக்கு ஆட்பட்டவனையும், ‘உன்னுடையவன் நான்’ என்று தானே வந்து சேர்ந்தவனையும் தனித்தனியே சொல்லுகிறது. ப்ரபந்நனிடத்தில் இவ்விரண்டு இலக்கணமும் கூடுகின்றன. பெருங்கடனை நீக்கினவனும் அவனே. நான் உன்னுடையவன் என்று யாசித்து அடையப்பட்டவனும் அவனே. ஸ்வரூபத்தால் வந்த தாஸ்யத்துக்கு வ்யவஹாரத்தில் வந்த இத்தாஸ்யங்கள் த்ருஷ்டாந்தமேயன்றிக் காரணமல்ல என்பதையும் மறவாமல் கொள்க.

ருணமும் நிக்ஷேபமும்

மநு எட்டாம் அத்யாயத்தில் 18 வ்யவஹாரபதங்களை வரிசைப்படுத்துகையில், முதலாவது ‘ருணாதாநம்’, இரண்டாவது ‘நிக்ஷேபம்’ என்கிறார். நிக்ஷேபமாவது ஒருவனை நம்பிக் காக்கும்படி ஒப்படைத்த பொருள். ந்யாஸம், உபநிதி என்பனவும் அதன் வகைகளாகவோ பெயர்களாகவோ வழங்கும். அஹிர்புத்ந்யஸம்ஹிதை, லக்ஷ்மீதந்த்ரம் முதலான பாஞ்சராத்ர நூல்கள் சரணாகதிக்கு இந்த ந்யாஸ, நிக்ஷேப சப்தங்களையே பெயராக வைத்தன. ஸ்ரீதேசிகன் ந்யாஸதசகம், ந்யாஸவிம்சதி, ந்யாஸதிலகம், நிக்ஷேபரக்ஷை என்று அப்பெயர்களாலேயே நூல்கள் அருளினார்.

கடனுக்கும் நிக்ஷேபத்துக்கும் உள்ள வேற்றுமை மூன்று. கடனில் கொடுத்த பொருள் வாங்கினவனுக்கு உரியதாகிறது. அவன் அதைச் செலவிட்டு ஒத்த வேறொன்றைத் திருப்புகிறான். நிக்ஷேபத்தில் உரிமை மாறுவதில்லை. வைத்த பொருளே திரும்பவேண்டும். கடனில் வட்டி உண்டு, நிக்ஷேபத்தில் இல்லை. கடன்பொருள் கள்வராலோ நெருப்பாலோ அழிந்தாலும் அதமர்ணன் தந்தே தீரவேண்டும். நிக்ஷேபம் அவ்வாறு அழிந்தால், அதில் எதையும் தான் எடுத்துக்கொள்ளாத வரையில் காத்தவன் மேல் பழியில்லை என்று மநுவே விதித்தார்.

சரணாகதியை நிக்ஷேபம் என்றதன் கருத்து இதனால் விளங்கும். எம்பெருமானுக்கு எதையோ கொடுத்து அதற்கு ஈடாக மோக்ஷத்தைப் பெறும் கொடுக்கல் வாங்கல் அன்று அது. காக்கும் பொறுப்பை அவனிடம் வைத்துத் தான் நிர்பரனாயிருத்தலே அது. ஆயினும் உலகத்து நிக்ஷேபத்தினின்றும் இதற்கு ஒரு வேறுபாடு உண்டு. உலகில் வைத்தவன் உடையவன், ஏற்றவன் காவற்காரன். இங்கோ ஏற்றவனே உடையவன். ந்யாஸதசகத்தின் முதல் ச்லோகம் ஆத்மாவும், அதைக் காக்கும் பரமும், அதனால் வரும் பலமும் தனக்குரியன அல்ல, ச்ரிய:பதிக்கே உரியன என்று மூன்றையும் கழித்துவிடுகிறது. உடையவனிடம் அவன் பொருளையே சேர்ப்பவன் அவனுக்கு எதைக் கொடுத்தவனாவான்? ஆகவே இந்த நிக்ஷேபத்தைக் காட்டி எம்பெருமானிடம் பற்றுச்சீட்டுக் கேட்க இடமில்லை.

கைம்மாறு செய்யவொண்ணாமை

இவ்விடத்தில் நம்மாழ்வார் திருவுள்ளம் நோக்கத்தக்கது. திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாந்திருமொழியின் நான்காம் பாசுரத்தில், தம் ஆவியோடு கலந்த பேருதவிக்குக் கைம்மாறாகத் தம் ஆவியையே தந்தொழிந்ததாக முதலில் அருளிச்செய்கிறார். தந்த மாத்ரத்தில் ஆராய்ச்சி பிறக்கிறது. தந்தது யாருடைய ஆவி, தந்த தாம் யார் என்று பார்த்து, முன்பு தந்தவனும் இப்போது கொண்டவனும் அவனே என்று தாமே திருத்திக்கொள்கிறார். ஏழாம் பத்து ஒன்பதாந்திருமொழியின் பத்தாம் பாசுரத்தில் மறுபடியும் அதே எண்ணம். தம்மைக்கொண்டு தன்னைப் பாடுவித்துக்கொண்ட உதவிக்கு உயிரையே கைம்மாறாக்கலாமோ என்று எண்ணிப் பார்த்தால், அவ்வுயிரும் அவனதாயிருக்கிறது. இங்கும் அங்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிக்கிறார்.

ஆளவந்தாருடைய ஸ்தோத்ரரத்நத்திலும் இதே போக்கு. 52ஆம் ச்லோகத்தில் தம்மை இன்றே ஸமர்ப்பித்ததாக விண்ணப்பம் செய்து, 53ஆம் ச்லோகத்தில், தாமும் தம்முடையதும் எல்லாம் என்றைக்கும் அவனுக்கே உரியவை என்று உணர்ந்தபின் எதைத்தான் ஸமர்ப்பிப்பது என்று கலங்குகிறார்.

இரண்டு இடங்களிலும் கடன் ஒப்புக்கொள்ளப்படுகிறது. தீர்க்கும் முதல் தம்மிடமில்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. உலகத்தில் இந்நிலை அதமர்ணனுக்கு மானக்கேடு. ஆத்மவிஷயத்தில் இதுவே ஸ்வரூபஜ்ஞாநம். தன்னிடம் தனக்கென்று ஒரு பொருளும் இல்லை என்றறிந்தவனே பாரதந்த்ர்யத்தை அறிந்தவன். தேவர் முதலியோர்க்குரிய ருணம் தீர்ந்தொழிய, இவ்வொரு க்ருதஜ்ஞதை மட்டும் தீராமல் நிற்பது ப்ரபந்நனுக்குக் குறையன்று.

புருஷோத்தமன் அதமர்ணனாதல்

இனி மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மஹாபாரதம் உத்யோகபர்வத்தில், அந்த:புரத்தில் அர்ஜுநனோடும் த்ரௌபதீ ஸத்யபாமைகளோடும் தான் கண்ட கண்ணன் சொல்லியனுப்பிய வார்த்தையை ஸஞ்ஜயன் த்ருதராஷ்ட்ரனுக்கு அறிவிக்கிறான். தொலைவில் இருந்த தன்னைக் கோவிந்தனென்று த்ரௌபதி கூவியழைத்தாள். அது வளர்ந்துவிட்ட கடனாகித் தன் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்பது அவ்வார்த்தை.

அங்கு ருணத்துக்கு விசேஷணமாக வந்த ‘ப்ரவ்ருத்தம்’ என்ற சொல் வ்ருத்தியின் தாதுவிலிருந்து வந்தது. வ்ருத்தியோ வட்டிக்கு ஸ்ம்ருதிகள் இட்ட பெயர். ஆகவே வட்டியேறிய கடன் என்பதே தோற்றம். முமுக்ஷுப்படியில் பிள்ளைலோகாசார்யர், த்ரௌபதிக்கு ஆபத்தில் புடவையைச் சுரந்தது திருநாமமே என்று அருளிச்செய்தார். இதனோடு சேர்த்துப் பார்த்தால் கண்ணனுடைய கணக்கு விளங்கும். மானம் காத்தது திருநாமமாகையால், கூப்பிட்டவளுக்கு நேரே வந்து முகங்காட்டாத தனக்கு முதல் அப்படியே நிற்கிறது என்பது அவன் நினைவு.

வட்டியின் கணக்கையும் பார்க்கலாம். மநு வஸிஷ்டர் வகுத்ததாகச் சொல்லும் வட்டி, மாதத்துக்கு முதலில் எண்பதில் ஒரு பங்கு. அவ்வாறு பெருகினால் 80 மாதங்களில், அதாவது 6 ஆண்டு 8 மாதங்களில், கடன் இரட்டிக்கும். இரட்டித்தபின் வட்டி ஏறலாகாது என்பதும் அவர் விதி. சூதுக்கும் உத்யோகத்துக்கும் இடையே 12 ஆண்டு வநவாஸமும் ஓராண்டு அஜ்ஞாதவாஸமும் கழிந்தன. ஸ்ம்ருதியின்படி வட்டி எப்போதோ நின்றிருக்கவேண்டும். அவன் நெஞ்சிலோ அது நிற்கவில்லை.

ஸ்ரீராமாயண உத்தரகாண்டத்தில் பெருமாள் திருவடியை நோக்கி அருளிய வார்த்தை இதற்கும் மேலானது. ஒவ்வோர் உபகாரத்துக்கும் ப்ராணனைத் தந்தாலும் எஞ்சியவற்றுக்குக் கடனாளியாகவே நிற்போம் என்றார். அதன்பின், நீ செய்தது என்னிடத்திலேயே ஜீர்ணித்துப் போகட்டும் என்றார். கைம்மாறு பெறும் நிலை ஒருவனுக்கு ஆபத்திலன்றோ வருவது? திருப்பித் தர விரும்புவது அவனுக்கு ஆபத்து வர விரும்புவதாகும். ஆகவே தீராக்கடனையே பெருமாள் உகந்து வைத்துக்கொண்டார். புருஷோத்தமன் தானே விரும்பி அதமர்ணனானான்.

அவன் இவ்வாறு நினைப்பது அவனுடைய ஸௌசீல்யம். அதைக்கொண்டு அடியவன் தன்னை உத்தமர்ணனாக எண்ணுவானாகில் கெடுவான். த்ரௌபதியோ திருவடியோ ஒருபோதும் கடனைக் கேட்டு நிற்கவில்லை.

நேர்த்திக்கடன்

தமிழில் இன்னுமொரு கடன் உண்டு. தெய்வத்துக்கு வாய்நேர்ந்தது நேர்த்திக்கடன். நாச்சியார் திருமொழி ஒன்பதாந்திருமொழியின் ஆறாம் பாசுரத்தில், திருமாலிருஞ்சோலை நம்பிக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்திருப்பதை ஆண்டாள் சொல்லுகிறாள். ஏழாம் பாசுரத்தில், அவன் இன்று வந்து அமுதுசெய்வானாகில் ஒன்றுக்கு நூறாயிரமாகக் கொடுத்து, அதன்மேல் ஆட்செய்வதாகவும் சொல்லுகிறாள். ஸ்ம்ருதி இரட்டிப்போடு நிறுத்திய வளர்ச்சி இங்கு நூறாயிரமாகிறது. கேட்பவன் உத்தமர்ணனுமல்லன், தருபவளே தானாக ஏற்றுகிறாள். அவன் ஏற்றுக்கொள்வதே அவள் பெறும் பேறாகையால், இது வாத்ஸ்யாயநர் சொன்ன முக்யருணத்தில் அடங்காது.

அந்த நூறு தடாவும் செலுத்தப்படாமலே நின்றது. பின்பு எம்பெருமானார் (1017–1137) அழகருக்கு அவற்றை ஸமர்ப்பித்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, ஆண்டாள் தன் கோயிலண்ணர் என்று அவரை அழைத்ததாகக் குருபரம்பரைகள் கூறும். கோதாக்ரஜர் என்ற திருநாமமும், அவருக்குப் பின்பிறந்தவளாக ஆண்டாளைப் போற்றும் வாழித்திருநாமமும் இதனால் வந்தவை.

வ்யவஹாரசாஸ்த்ரத்தின்படி இக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு உடையவர்க்கு எவ்வகையிலும் இல்லை. பேரனுக்கு அப்பால் பொறுப்பே கிடையாது. அவரோ பிறப்பால் அக்குலத்தவருமல்லர். த்ரிதண்டமேந்திய ஸந்ந்யாஸியாகையால் மூன்று ருணங்களின் தொடர்பும் அவருக்கில்லை. ப்ரபந்நகுலத்தின் தலைவராகையால் கரபாஜநருடைய ச்லோகத்துக்கு முதல் இலக்கு அவரே. இப்படி எல்லாவகையாலும் ருணமற்றவர், தாம் வாங்காத கடனைத் தம் கடமையாகக் கொண்டு தலைக்கட்டினார். ருணம் நீங்கினவனிடத்தில் கடன் என்னும் சொல்லுக்கு எஞ்சி நிற்கும் பொருள் அதுவே. அதன் பெயர் கைங்கர்யம்.

ஆகவே ப்ரபந்நன், வாங்கிய பொருளை உரியவனிடம் வட்டியோடு சேர்க்கக் கடவன். நித்யகர்மங்களை எம்பெருமான் ஆஜ்ஞையாக நடத்தக் கடவன். அவன் செய்த உதவிக்குக் கைம்மாறு தேடாமலும், தான் செய்ததற்குக் கணக்கு வையாமலும் இருக்கக் கடவன். எம்பெருமானார் தீர்த்த அந்நூறு தடாவை, தீர்ந்ததென்று விட்டுவிடாமல், மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று இன்றும் திவ்யதேசங்களில் ஸமர்ப்பித்து வருகிறார்கள்.